தென்மேற்குத் தூணுக்கு நேர் மேலே

நெடுங்கரிசல் ஊருக்கு முதல் கோடு வந்தது ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி பஸ் போய்ப் புழுதி அடங்குவதற்கு முன்னால். வடக்கே ஓடைக்கரை உடைமரக் காட்டுக்குள் தரையிலிருந்து கிளம்பி, பருத்திக் காட்டுக்கு மேலும் ரேஷன் கடைக்கு மேலும் கீழத்தெரு வீடுகளுக்கு மேலுமாகச் சாய்ந்து ஏறி, தெற்கே வானத்துக்குள் எங்கே முடிகிறது என்று தெரியாமல், கண்மை நிறத்தில், ஒரு நெளிவு சுளிவு இல்லாமல் நின்றது. அதற்குத் தடிமன் கிடையாது. கிட்டப் போனால் பருக்கவில்லை, எட்டப் போனால் மெலியவில்லை. மூக்குக்கு முன்னால் வைத்துப் பார்த்தாலும் முக்கால் மைல் தள்ளி நின்று பார்த்தாலும் அதே மயிரிழைதான். கையை நீட்டினால் கைக்குள் புகுந்து மறுபக்கம் போனது, வலிக்கவில்லை. சுவருக்குள் புகுந்தது, ஓட்டை விழவில்லை. ஒரு காக்கா அதன்மேல் உட்காரப் பார்த்து, கால் வைக்க ஒன்றும் இல்லாமல் தடுமாறி விழுந்து, யாரும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பறந்து போனது.

ஊர் முதல் நாள் வேலைக்குப் போகாமல் பார்த்தது, இரண்டாம் நாள் வேலைக்குப் போய் வந்து பார்த்தது, மூன்றாம் நாள் பார்க்க மறந்துவிட்டது. கோடு மண்ணைத் தொடுவது ஒரே ஓர் இடத்தில், ஓடைக்கரையில், கடுகளவு புள்ளியில்தான். அந்தப் புள்ளியைச் சுற்றி நாலு செங்கல் வைத்து, மஞ்சள் பூசி, இறங்குமுகத்தாள் என்று பெயரிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் பொங்கல் வைக்க ஆரம்பித்தார்கள். இவ்வளவு பெரிய வானத்திலிருந்து வந்த ஒன்று நம் மண்ணில் ஓர் இடத்தைத் தேடித் தொடுகிறது என்றால் நம்மேல் அதற்குப் பிரியம் இருக்கத்தானே வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக் கோட்டைக் காட்டினார்கள். "கோட்டுக்குக் கிழக்கே மூணாவது வீடு" என்று தபால்காரரே அடையாளம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

வைகாசியில் இரண்டாவது கோடு வந்தது. அதை யாருக்கும் பிடிக்கவில்லை. ஊருக்குக் கிழக்கே எங்கோ, தெற்கு வடக்காக, ஏறாமல் இறங்காமல், தரையோடு ஒத்து ஓடியது அது. எங்கேயாவது ஓர் இடத்தில் மண்ணைத் தொடத்தான் செய்யும் என்று நம்பி நான்கு பேர் இரண்டு மொபெட்டில் அதன் போக்கிலேயே போனார்கள்; பெட்ரோல் தீர்கிறவரை போய், வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து, அங்கேயும் அது அதே உயரத்தில்தான் நிற்கிறது என்றார்கள். எவ்வளவு தூரத்தில், எதற்கு மேலே போகிறது என்று கேட்டால் இரண்டு பேர் தங்களுக்கு இடப்பக்கம் என்றார்கள், இரண்டு பேர் வலப்பக்கம் என்றார்கள். தடிமன் இல்லாத ஒன்றின் தூரத்தைக் கண்ணால் எப்படி அளப்பது? மண்ணைத் தொட மனசில்லாதது எதற்கு நம் ஊருக்கு மேலே வர வேண்டும் என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார், அந்தக் கேள்வி அன்று பொழுது சாய்வதற்குள் எல்லார் வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி, கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுங்கரிசலில் கண்ணால் கண்டதெல்லாம் சாட்சி ஆகிவிடாது. அந்தக் கரிசல் பூமி விரித்த பாய். மேடும் கிடையாது, குன்றும் கிடையாது. வரப்புத் தகராறு வந்தால் அவனவன் நிலத்திலிருந்து பார்க்க அவனவன் பக்கம்தான் நியாயம் தெரியும். மூன்று தலைமுறைக்கு முன்னால் அப்படி ஒரு தகராறில் இரண்டு பேருக்குக் கை போயிற்று. அதற்குப் பிறகு ஊர் கூடி, சாவடிக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல்லை நட்டு, ஒரு குடும்பத்தைப் பார்வைக்காரர் என்று நியமித்தது. எந்த வழக்கானாலும் பார்வைக்காரர் கல்லில் ஏறிப் பார்த்துச் சொல்வது ஊர்ப்பார்வை. மற்றவர்கள் அங்கே இங்கே நின்று பார்ப்பது வழிப்பார்வை, அது செல்லாது. அதற்கப்புறம் அந்த ஊரில் யாருக்கும் கை போகவில்லை. அந்த வகையில் அது நல்ல கல்தான், இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அப்போது பார்வைக்காரராக இருந்தவர் உச்சிமாகாளி. ஐம்பத்திரண்டு வயது, நெடுநெடுவென்று உடம்பு, பொய் சொல்லத் தெரியாது. தெரியாது என்றால் முயன்று பார்த்தும் வராது. அவருடைய ஒரே தங்கை பிரமு. கட்டிக்கொண்டவன் திருப்பூர்ப் பக்கம் போய் வேறு குடும்பமாகிவிட்ட பிறகு, பத்தொன்பது வருஷமாக அண்ணன் வீட்டுப் பின்பக்கத்து ஓட்டுச் சாய்ப்பில் இருந்தாள். சட்டி சுமக்கிற சித்தாளாகப் போனவள், பூச்சுவேலை பழகி, தரைவேலை பழகி, கடைசியில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகவே ஆனாள். "கொத்தனாரம்மா" என்று ஊரில் பாதி கேலியாகவும் பாதி மரியாதையாகவும் கூப்பிடுவார்கள், அவள் இரண்டுக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்ப்பாள். கீழத்தெருவில் தனக்கென்று ஒரு வீட்டை ஒன்பது வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலை நடந்த இடங்களில் மிஞ்சிய செங்கல், மிஞ்சிய ஜல்லி, மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமைகள். சுவர் முடிந்து, பலகை அடித்து, கம்பி கட்டி முடித்தாயிற்று. ஆடி பிறப்பதற்குள் தளம் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

வைகாசி கடைசியில் ஊர்த்தலைவர் சீனிக்கண்ணு, இந்த இரண்டு கோடுகள் விஷயமாக ஊர்ப்பார்வை பார்க்க வேண்டும் என்று சொன்னார். உச்சிமாகாளி குளித்து, ஈரத் துண்டோடு கல்லில் ஏறினார்.

"என்ன தெரியுது?" என்று முறைப்படி கேட்டார் சீனிக்கண்ணு.

"ரெண்டு கோடும் சேருது."

"எங்ஙன?"

உச்சிமாகாளி ஈரத் துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "பிரமு வீட்டுக்கு மேல. தென்மேற்குத் தூணுக்கு நேர் மேல."

சொல்லிவிட்டு இறங்கியவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் நடந்த எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பால் சொசைட்டி வாசலில் நின்றால் கோடுகள் சேர்வது ரேஷன் கடைக்கு மேலே இருந்தது. ரேஷன் கடையில் நின்றால் சீனிக்கண்ணு வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருந்தது. அவரவர் வாசலில் நின்று பார்க்க யார் யார் வீட்டுக்கு மேலேயோ இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இது வழிப்பார்வைதானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பிரமு வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நிம்மதியாகச் சோறு தின்றார்கள்.

அடுத்த வாரம் ஒரு பெண்மயில் கல்லுக்கு நேராகப் பறந்து கோடுகள் சேர்கிற இடம் பக்கமாகப் போயிற்று, பிறகு அதை யாரும் காணவில்லை. மயில் என்றால் எங்கேயாவது போகத்தான் செய்யும். ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. இரண்டு கோடு சேர்ந்தால் புள்ளி உண்டாகும், புள்ளிக்குள் போனது திரும்பாது என்று திங்கள்கிழமை பேச்சு வந்தது. தளம் போட்டு அந்தப் புள்ளியை மறைத்தால் அது வானத்தைப் பார்க்க வழியில்லாமல் கீழே வாய் திறக்கும் என்று புதன்கிழமை சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வந்தபோது, தளம் மட்டுமில்லை, சுவரே இருக்கக் கூடாது என்று ஆகியிருந்தது. யார் இதை முதலில் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைக் காட்டினார்கள், ஆனால் எல்லோருக்கும் அதில் உறுதி இருந்தது.

சாவடியில் கூட்டம் போட்டார்கள். கண்மாய்க்கரையில் வேறு இடம் தருகிறோம், வீட்டை ஊரே பிரித்துக் கொடுக்கும் என்றார்கள். ஒன்பது வருஷத்தைப் பிரித்துக் கொடுப்பதற்கு இவர்கள் யார் என்று பிரமு நினைத்தாள். ஆனாலும் கோபத்தை அடக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து நூல்கண்டை எடுத்தாள்.

"தளம் போட்டா நாலு மூலைக்கும் குறுக்க ரெண்டு நூல் இழுப்போம்," என்றாள். "நிமிந்து நின்னு பாத்தா ரெண்டும் நடுவுல தொட்டாப்லதான் இருக்கும். குனிஞ்சு பக்கத்துல இருந்து பாத்தாத்தான் நடுவுல விரல் போகுதா இல்லியான்னு தெரியும். விரல் போச்சுன்னா ஒரு மூலை தூக்கி நிக்கின்னு அர்த்தம். ரெண்டு நூலும் சேரல. பாத்த கண்ணுக்குத்தான் சேந்துது. இதுவும் அப்படித்தான். என் தளத்துல நின்னு பாத்தா ஒரு கோடு இடுப்புக்கு நேரா போகுது, மத்தது அந்தப் பக்கமே இல்ல."

"ஆக, குனிஞ்சு பாக்கணும்னு சொல்லுத," என்றார் சீனிக்கண்ணு. அவர் கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். "உன் வீட்டு மேல நீ நின்னு பாத்தது வழிப்பார்வை தாயி. ஊர்ப்பார்வை குனியாது."

சிரிப்பு எழுந்தது. பிரமு நூலைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். உச்சிமாகாளி கூட்டத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், அவளைப் பார்க்கவில்லை.

வீட்டை இடிப்பது என்றால் மூன்று முறை ஊர்ப்பார்வை பார்க்க வேண்டும் என்பது முறை. இரண்டாவது முறையும் உச்சிமாகாளி அதையேதான் சொன்னார். மூன்றாவது, ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. அதே வெள்ளிக்கிழமைக்குத்தான் பிரமு கலவை மிஷினுக்கும் ஆட்களுக்கும் முன்பே சொல்லி வைத்திருந்தாள், அவள் அதை மாற்றவில்லை. ஊர் அதே நேரத்துக்கு ஜேசிபிக்குச் சொல்லி வைத்தது.

வியாழக்கிழமை காலையில் அவள் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தாள். ஒவ்வொரு ஐம்பது தப்படிக்கும் மண்ணில் மல்லாந்து படுத்து, குண்டைக் கண்ணுக்கு மேலே தொங்கவிட்டு, நூல் நேராக எதைக் காட்டுகிறது என்று பார்த்தாள். ஆடு மேய்த்தவர்கள் அவளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார்கள். கண்மாய்க்கரையில், அவள் வீட்டிலிருந்து முந்நூறு தப்படிக்கு அப்பால், நூல் இரண்டாவது கோட்டில் போய் நின்றது. பனை உயரத்தில், மீனும் கொக்கும் இருக்கிற தண்ணீருக்கு மேலே, அவள் வீட்டுக்குக் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது அது. இரண்டும் இரண்டு தனி வழியில் போகிற கோடுகள். இந்தப் பக்கம் யுகம் யுகமாகப் போனாலும் சேராது, அந்தப் பக்கம் போனாலும் சேராது. அவளுக்கு நிம்மதி வருவதற்குப் பதில் அழுகைதான் வந்தது, ஏனென்றால் இது உண்மை என்று தெரிந்தும் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வழி அன்று மத்தியானம் தற்செயலாகக் கிடைத்தது. மிச்சமாகக் கிடந்த எட்டுக்கு நாலு பலகை ஒன்றைத் தளத்தின் ஓரத்திலிருந்து நகர்த்துவதற்காக அவள் நெட்டுக்குத்தாகத் தூக்கி நிறுத்தினாள். அப்போது கீழே, சாவடியிலிருந்து வந்துகொண்டிருந்த செல்லக்கிளி, அவளோடு பன்னிரண்டு வருஷமாகச் சட்டி சுமக்கிறவள், தெருவில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, மத்த கோட்டக் காணும்," என்றாள்.

"எந்தக் கோட்ட?"

"கெடையாப் போகுற கோட்ட. பலகைக்குப் பொறத்தால போயிட்டு. நம்ம கோடு மட்டும் பலகைக்கு முன்னால நிக்கி."

பிரமு பலகையைப் பிடித்தபடியே நின்றாள். இரண்டும் ஓர் இடத்தில் சேர்ந்திருந்தால், அந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. இங்கே எட்டடிப் பலகை நுழைந்து நிற்கிறது. இதைக் கல்லில் நிற்கிறவர் பார்க்க, கல்லை விட்டு இறங்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். அன்று சாயங்காலமே பலகைக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்துக் காயப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் உச்சிமாகாளி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிரமு சாய்ப்பிலிருந்து வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"ஒரு தடவ என் தளத்துக்கு வந்து பாருண்ணே," என்றாள்.

"கல்ல விட்டு எறங்கிப் பாத்தா அது என் சொந்தப் பார்வதான். என் பார்வ ஊருக்கு எதுக்கு?"

"எனக்கு வேணும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "இல்லாதத இருக்குன்னு சொல்லச் சொல்லுதியா?"

"இல்ல. கண்டத மட்டும் சொல்லு. கண்டதுக்கு மேல ஒத்த வார்த்த சொல்லாத. ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கத நீ கண்ட. சேருதுன்னு சொன்னியே, அதயும் கண்டியா?"

உச்சிமாகாளி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதைவிட மோசமாக ஏதோ இருந்தது. பத்தொன்பது வருஷமாகத் தன்னை ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துச் சோறு போட்ட இந்த மனுஷரைப் போய் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று பிரமுவின் நெஞ்சு சொன்னது. கேட்டது சரிதான் என்றும் அதே நெஞ்சுக்குத் தெரிந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

ஒன்பதரைக்கு ஜேசிபி வந்து கீழத்தெருவில் பிரமு வீட்டு மேற்குச் சுவருக்கு முன்னால் நின்று, இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் வெளியூர்க்காரர், வாயில் வெற்றிலை. எதை இடிக்கச் சொன்னாலும் அவருக்கு ஒன்றுதான். கல்லிலிருந்து துண்டை ஆட்டினால் இடிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். தெற்குப் பக்கத்தில் கலவை மிஷின் இருந்தது. மணலும் ஜல்லியும் குவித்துக் கிடந்தன. பன்னிரண்டு மணிக்குள் ஆரம்பிக்காவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று மிஷின்காரர் முன்பே சொல்லிவிட்டார். அவர்கள் நிழலில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரமுவும் செல்லக்கிளியும் பலகையைச் சாரத்தில் ஏற்றித் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆனி மாதக் காற்று மேற்கிலிருந்து, கல் இருந்த திக்கிலிருந்து, தடையில்லாமல் வந்தது. தென்மேற்குத் தூணின் கம்பிகளுக்குப் பக்கத்தில் பலகையை நீளவாக்கில் நிறுத்தி, ஆளுக்கொரு முனையைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். கோடு பலகைக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, இடுப்பு உயரத்தில் சாய்ந்து போயிற்று. பலகை ஒரு பக்கம் திரும்பினாலும் கோடு அதற்குள் குத்திக்கொண்டு பின்னால் போய்விடும். கல்லிலிருந்து பார்க்க இரண்டுமே மறைந்துவிடும். அப்புறம் மந்திரவாதம் செய்தாள் என்று சொல்லிவிடுவார்கள். எட்டடி நீளத்துக்கும் அதே ஒரு சாண் இருக்க வேண்டும்.

"உன் பக்கம் முன்னால போகுது கிளி."

"காத்து தள்ளுதுக்கா."

"தள்ளட்டும். நீ திருப்பித் தள்ளு."

காற்று ஓங்கும்போது பலகை அவர்கள் நெஞ்சில் வந்து மோதியது. காற்று சட்டென்று விழும்போது இருவரும் பலகையோடு முன்னால் போகப் பார்த்தார்கள், காலடியில் கம்பிவலை, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கட்டுக்கம்பி நுனி கணுக்காலைக் கீறி ரத்தம் வந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

பலகைக்கு மேலாக அவளுக்குச் சாவடி தெரிந்தது. நூறு தப்படி தூரம். ஊரே அங்கே நின்றது. கூட்டம் விலகுவதும், அண்ணனின் வெள்ளைத் துண்டு கல்லின்மேல் ஏறுவதும் தெரிந்தது. சீனிக்கண்ணு கையைத் தூக்கி எதையோ கேட்டார். ஜேசிபி இரைச்சலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் அவர் எப்போதும் பார்த்ததில்லை. கூட்டத்தில் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கின, விலகின, நாலைந்து கைகள் அவள் வீட்டைக் காட்டின. சீனிக்கண்ணு மறுபடி கேட்டார், இந்தத் தடவை இரண்டு கையையும் விரித்து. அண்ணன் வாய் அசைந்ததா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பிறகு அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார்.

ஜேசிபிக்காரர் அதைப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார். இரும்புக் கை மெதுவாக எழுந்து, சுவருக்கு மேலே வந்து நின்றது. செல்லக்கிளி ஏதோ சாமி பெயரைச் சொன்னாள். பிரமு பலகையை விடவில்லை. இடிந்து விழுந்தாலும் இதைப் பிடித்துக்கொண்டே விழுவேன் என்று அவளுக்குத் தோன்றியது, அதில் வீரம் ஒன்றும் இல்லை. விட்டால் கை எங்கே போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் துண்டு ஆடவில்லை. உச்சிமாகாளி அதை முகத்தில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லிலிருந்து இறங்கினார். இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கிழக்கே நடக்க ஆரம்பித்தார்.

இருபது தப்படி நடந்து, நின்று, அண்ணாந்து பார்த்தார். மறுபடி நடந்தார். மறுபடி நின்றார். அவர் என்ன பார்க்கிறார் என்று பிரமுவுக்குத் தெரிந்தது. அங்கே நின்றால் கோடுகள் சேர்வது அவள் வீட்டை விட்டு வடக்கே நகர்ந்திருக்கும், பக்கத்து வீட்டுக்கு மேலே போயிருக்கும். இன்னும் கொஞ்சம் வந்தால் ரேஷன் கடைக்கு மேலே. இன்னும் கொஞ்சம் வந்தால் அதையும் தாண்டி. அவர் நடக்க நடக்க அதுவும் நடக்கிறது. ஊரில் எல்லோரும் ஒரு மாதமாகத் தெருவில் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் மட்டும்தான் இதுவரை பார்த்ததில்லை. பார்வைக்காரர் தெருவில் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவதுதான் முறை, கல்லில் மட்டும்தான் அவர் பார்க்கலாம். நடுத்தெருவில் நின்று அவர் ஒரு கையால் கண்ணை மறைத்து, எடுத்து, மறைத்து, எடுத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

அவர் பிரமு வீட்டு வாசலுக்கு வந்ததும் ஜேசிபிக்காரர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். உச்சிமாகாளி இரண்டு வார்த்தை சொன்னார். இன்ஜின் நின்றது. அந்த அமைதியில் காற்றின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. சாரத்து மூங்கில் கிறீச்சிட்டது, ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்க வாங்க அவர் ஏறி வந்தார். கம்பிவலையில் கால் வைக்கத் தெரியாமல் தடுமாறி, தூணின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பலகைக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். அதற்குள் கையை விட்டார், கை போயிற்று. திரும்பிக் கிழக்கே பார்த்தார், கண்மாய்க்கு மேலே, அவ்வளவு தூரத்தில், மற்றது.

"என்னண்ணே சொன்ன?" என்று கேட்டாள் பிரமு.

"கண்டதச் சொன்னேன். ஒரு கோடு முன்னால நிக்கி, ஒரு கோடு பலகைக்குப் பொறத்தால போயிட்டுன்னு." மூச்சு வாங்கினார். "அதெல்லாம் வேண்டாம், சேருதா சேரலியா, அதச் சொல்லுன்னாவ. கல்லு மேல நின்னு எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

மூன்று தலைமுறையில் அந்தக் கல்லின்மேல் நின்று ஒருவரும் சொல்லாத சொல் அது. அதைச் சொன்னவருக்கு இனிக் கல் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அவுக என்ன சொன்னாவ?"

"கேக்கல. எறங்கி வந்துட்டேன்."

சாவடிக்கு முன்னால் கல் வெறுமையாக நின்றது, அதில் ஏற ஒருவரும் முன்வரவில்லை. சீனிக்கண்ணு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பொம்பளை பிரிந்து கிழக்கே நாலு எட்டு வைத்து, நின்று, அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

"விடுட்டி," என்றார் உச்சிமாகாளி. "பலகைய நான் பிடிச்சிக்கிடுதேன். அவுக எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும். நீ போயி கலவையப் போடச் சொல்லு."

பிரமுவுக்கு விட வரவில்லை. விரல்கள் பலகை விளிம்பில் அப்படியே மரத்துப்போயிருந்தன. அவர் ஒரு கையால் பலகையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்துவிட்டார். நகக்கண்ணில் சுண்ணாம்பு ஏறியிருந்தது, அதைத் தன் துண்டில் துடைத்தார். அவள் சாரத்தில் இறங்கி, பாதிப் படியில், மேலே இருக்கிறவருக்கும் கீழே இருக்கிறவர்களுக்கும் தெரியாத இடத்தில் நின்று, ஒரு மூச்சு அழுதாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே போய், மிஷின்காரரிடம் முதல் கலவைக்கு எத்தனை சட்டி ஜல்லி என்று சொன்னாள்.